தொடையில் ஒரு துளை... வயிற்றுக்குள் ரிப்பேர்! தெரியுமா?

வயிற்றில் ஓடும் மகாதமனி என்ற பெரிய ரத்தக்குழாயின் இயல்பான அகலம் சுமார் 2 செ.மீ. அது 3 செ.மீ. ஆனாலே ‘வீக்கம்’ என்கிறார்கள் டாக்டர்கள். ஆண்களுக்கு 5.5 செ.மீ.-ஐத் தொட்டுவிட்டால், வெடிப்பதற்குள் சரிசெய்யப் பார்ப்பார்கள்!

✦ ஐன்ஸ்டீனுக்கும் இதே வீக்கம்தான்! 1948-ல் நியூயார்க்கில் டாக்டர் ருடால்ஃப் நிஸ்ஸன் அதைச் செலோஃபேன் தாளால் சுற்றிவைத்தார். ஆறு வருஷத்துக்கு மேல் தாங்கியது! 1955-ல் அது வெடித்தபோது, “மறு ஆபரேஷனே வேண்டாம்” என்று மறுத்துவிட்டார் மேதை.

✦ 1990-ல் புவனோஸ் ஐரிஸில் டாக்டர் ஹுவான் பரோடி இந்த வீக்கத்தைச் சரிசெய்ய வயிற்றைக் கிழிக்கவே இல்லை! தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாகத் துணிக்குழாயை உள்ளே செலுத்தி, ஸ்டென்ட்டால் பொருத்திவிட்டார். உக்ரைனின் கார்கிவ் நகரில் டாக்டர் நிகோலாய் வோலோடோஸ் 1987-லேயே நெஞ்சுப் பகுதி மகாதமனியில் இப்படிச் செய்திருந்தார்!

✦ குழாய் வைத்தும் வீக்கப் பைக்குள் ரத்தம் புகலாம். இதற்குப் பெயர் ‘எண்டோலீக்’. இதில் ஐந்து வகை!

✦ அதிகம் வருவது இரண்டாம் வகை. மகாதமனியிலிருந்து பிரியும் சிறு கிளைகளில் ரத்தம் தலைகீழாக ஓடிவந்து பையை நிரப்பும்! பல கசிவுகள் தானாகவே நின்றுவிடும். பை பெருத்தால்தான் வைத்தியம்: நூல் போன்ற மெல்லிய கதீட்டரை அந்தக் கிளைவரை கொண்டுபோய், உலோகச் சுருளாலோ மருத்துவப் பசையாலோ மடையை அடைப்பதுபோல் அடைத்துவிடுவார்கள். வழி கிடைக்காவிட்டால், ஸ்கேன் பார்த்தபடி முதுகுப் பக்கமாக ஊசியைப் பைக்குள்ளேயே இறக்குவதும் உண்டு!

✦ முதல் வகை ஆபத்தானது. குழாயின் விளிம்பு சுவரோடு ஒட்டாமல் ரத்தம் நேராகவே உள்ளே பாயும். கூடுதல் குழாயை இணைத்து நீட்டலாம். குட்டித் திருகுகளால் விளிம்பைச் சுவரோடு முடுக்கவும் செய்யலாம்!

✦ ரத்தக்குழாய் படத்தில் தெரியச் செலுத்தும் அயோடின் சாயம் கிட்னி பலவீனமானவருக்கு ஆகாதா? கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தியே ரத்தக்குழாயைப் படம் பிடிப்பார்கள்!

இத்தனை வசதியிலும் ஒரு சிக்கல்: கசிவு பெரும்பாலும் வலிக்காது, ஸ்கேனில்தான் தெரியும். வீட்டில் யாருக்காவது இந்தக் குழாய் வைத்திருந்தால், “நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று செக்கப்பைத் தள்ளிப்போட விடாதீர்கள். டாக்டர் சொன்ன தேதியில் ஸ்கேன் எடுக்க அழைத்துச் செல்லுங்கள்!