கறுப்புப் பட்டை தரும் தைரியம் உண்மையானதா?

"பையன் பயந்த சுபாவம், கொஞ்சம் தைரியம் வரட்டும்." பிள்ளையைக் கராத்தே, தேக்குவாண்டோ, சிலம்ப வகுப்புகளில் சேர்க்கும் பெற்றோர் பலர் சொல்லும் காரணம் இது. நீங்களும் சொல்லியிருக்கலாம். சில மாதங்களில் வெள்ளைப் பட்டை மஞ்சளாகிறது. பிள்ளையின் நடையிலும் ஒரு நிமிர்வு தெரிகிறது. அந்தத் தைரியம் ஆபத்து வேளையில் கைகொடுக்குமா, காலை வாரிவிடுமா?

தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எப்படி வளர்கிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977இல் விளக்கினார். பிறர் செய்வதைப் பார்ப்பதாலும், பிறர் ஊக்கமூட்டுவதாலும், நம் உடல் காட்டும் அறிகுறிகளாலும் அது வளரும். ஆனால், எல்லாவற்றிலும் வலுவானது நாமே செய்து வென்ற அனுபவம்.

சிக்கலும் இங்குதான் இருக்கிறது. எதிரில் நிற்கும் நண்பன் சொல்லி வைத்தபடி வலக்கையால் குத்துகிறான். நாம் தடுக்கிறோம், அவன் விழுகிறான். இப்படி நூறு முறை வென்றால் நம்பிக்கை வளரத்தான் செய்யும். ஆனால், அது கேள்வித்தாளை முன்பே பார்த்துவிட்டு நூறு புள்ளி வாங்குவதற்குச் சமம்.

ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். நண்பர் ஒரு 30 சென்டிமீட்டர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடிக்கட்டும். அதன் கீழ் முனையில், பூஜ்யத்துக்கு நேராக உங்கள் விரல்களைத் திறந்து வையுங்கள். அவர் விட்டதும் பிடியுங்கள். 20 சென்டிமீட்டரில் பிடித்தால் உங்கள் எதிர்வினை நேரம் சுமார் 0.2 வினாடி. இப்போது இரண்டு அளவுகோல்கள், இரண்டு கைகள். எது விழும் என்று அவர் சொல்லக்கூடாது. விழும் பக்கத்துக் கை மட்டுமே மூட வேண்டும். பெரும்பாலோருக்கு இம்முறை நேரம் கூடும். சிலருக்கு அளவுகோல் தரைக்கே போய்விடும். இரண்டே வாய்ப்புகளுக்கு இந்தத் தடுமாற்றம் என்றால், குத்தா, உதையா, தள்ளலா என்று தெரியாத நிலையை எண்ணிப் பாருங்கள். கூடவே அட்ரினலின் சுரந்து இதயம் படபடக்கும், கை நடுங்கும்.

ஜூடோவை உருவாக்கிய ஜப்பானியக் கல்வியாளர் ஜிகோரோ கானோ இதற்கு ஒரு வழி கண்டார். 1882இல் தொடங்கிய தம் கோடோகான் பள்ளியில், 'ரண்டோரி' எனும் கட்டற்ற பயிற்சிக்கு அவர் முக்கிய இடம் தந்தார். ஆபத்தான உத்திகளை அதிலிருந்து விலக்கியதால், மாணவர்கள் முழு பலத்துடன் மோத முடிந்தது. அங்கே எதிராளி விட்டுக்கொடுக்க மாட்டார். தோல்வியும் வரும், தன் எல்லை எது என்பதும் தெரியும்.

எதிர்ப்புடன் கூடிய பயிற்சி நல்ல பலனும் தருகிறது. எலிசபெத் ஓசர் என்பவரும் பண்டுராவும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், பெண்கள் பாதுகாப்புக் கவசம் அணிந்த 'தாக்குபவரை' எதிர்த்துப் பயிற்சி பெற்றார்கள். அவர்களின் நம்பிக்கை உயர்ந்தது, அச்சம் குறைந்தது. அதோடு, ஆபத்தான சூழலையும் ஆபத்தற்ற சூழலையும் பிரித்தறியும் திறனும் கூடியது. பொய்யான தைரியம் ஆபத்தை மறைக்கும். உண்மையான தைரியம் அதை அடையாளம் காட்டும்.

இதனால் கராத்தேயின் காத்தாவும் சிலம்பத்தின் சுவடுகளும் வீண் என்று நினைக்க வேண்டாம். உடல் சமநிலையும் ஒருங்கிணைப்பும் அவற்றால்தான் செம்மைப்படுகின்றன. ஆனால், அவை மட்டுமே போதா.

ஆகவே, அடுத்த முறை வகுப்புக்குப் போகும்போது ஆசிரியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். முன்கூட்டிச் சொல்லாத தாக்குதலை எதிர்கொள்ளும் பயிற்சி உண்டா? தன்னைவிடப் பெரியவருடன், பாதுகாப்பு உடையணிந்து, மோதிப் பார்க்க வாய்ப்பு உண்டா? எப்போது ஓட வேண்டும் என்பதையும் கற்றுத் தருகிறீர்களா?

மூன்றாவது கேள்வியை உங்கள் பிள்ளையிடமும் கேளுங்கள். "கத்தியைக் காட்டிப் பணம் கேட்டால் என்ன செய்வாய்?" "பணத்தைக் கொடுத்துவிட்டு ஓடிவிடுவேன்" என்று தயங்காமல் பதில் வந்தால், நீங்கள் கட்டும் மாதக் கட்டணம் வீண்போகவில்லை.