தறி நிற்கும் நாள்கள் எந்தக் கணக்கில் வரும்?

இந்தியாவின் மருத்துவச் செலவுக் கணக்கில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 2013-14-ல் 64.2 சதவீதத்தை மக்கள் தங்கள் கையிலிருந்தே கொடுத்தார்கள். 2021-22-ல் அது 39.4 சதவீதமாகக் குறைந்தது. ஆனால், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் ஒருவர் நோயில் படுத்தால், அந்தக் குடும்பம் இழப்பதில் ஒரு பெரிய பங்கு இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை.

கணக்கில் சேர்வது எது?

மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிடும் தேசிய சுகாதாரக் கணக்கின்படி, 2021-22-ல் தலைக்கு 6,602 ரூபாய் மருத்துவத்துக்குச் செலவானது. அதில் 2,600 ரூபாய் மக்கள் நேரடியாகக் கொடுத்தது. டாக்டர் கட்டணம், மருந்து, பரிசோதனை, படுக்கைக் கட்டணம் எல்லாம் இதில் அடங்கும். நோயால் போன கூலி அடங்காது. சர்வதேச அளவில் பின்பற்றப்படும் கணக்குமுறையும் இதுதான். மருத்துவத்துக்காகச் செலவான பணத்தை அது எண்ணும். வராமல் போன வருமானத்தை எண்ணாது. மக்களின் பங்கு குறைந்ததைப் பார்க்கும்போது, 2021-22 கொரோனா தடுப்பூசிக்கு அரசு பெருமளவில் செலவிட்ட ஆண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

நெசவாளருக்கு ஏன் இது பெரிய விஷயம்?

பட்டும் சரிகையும் கூட்டுறவுச் சங்கத்திடமிருந்தோ மாஸ்டர் வீவரிடமிருந்தோ வரும். நெய்து கொடுத்த சேலைக்குத்தான் கூலி. மருத்துவ விடுப்பு என்ற பேச்சே கிடையாது. அதிலும் காஞ்சிபுரத்தின் பெருமையான கோர்வைச் சேலையில், உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடும். அதனால் தறியில் இருவர் வேண்டும்; பல வீடுகளில் அந்த இருவர் கணவனும் மனைவியுமே. ஒருவர் படுத்தால் மற்றவர் தனியாக நெய்ய முடியாது. ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கப்போவதும் அந்த இன்னொருவர்தான். ஒரு நோய், இரண்டு பேரின் உழைப்பை நிறுத்திவிடுகிறது.

காப்பீடு இருக்கிறதே?

இருக்கிறது, அதன் அருமையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 2009-ல் கலைஞர் காப்பீடாகத் தொடங்கி, இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடப்பது, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனையே இருக்கிறது. 1969-ல் புற்றுநோய்க்குப் பலியான அண்ணா பிறந்த ஊர் இது. ஆனால், கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள் என்று பல வாரங்கள் நீளும். சிகிச்சைக்குக் காசு வாங்காவிட்டாலும், அத்தனை வாரமும் அடுப்பெரியக் கடன்தான் வாங்க வேண்டும்.

அதே மாவட்டம், வேறு நியாயம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவருக்கு இஎஸ்ஐ எனும் தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. 1948-ம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த ஏற்பாடு அது. சந்தா நிபந்தனையை நிறைவேற்றியவர் நோயுற்றால், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். நோய் வந்தால் வருமானமும் போகும் என்பதைச் சட்டம் அன்றே ஏற்றுக்கொண்டது. வீட்டுத்தறியில் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சட்டம் எட்டவில்லை.

என்ன செய்யலாம்?

முறைசாராத் தொழிலாளிக்குப் பணம் கொடுக்க முடியாது என்பது சரியல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம், ஏழைக் கர்ப்பிணிகளுக்கு ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் அளவுக்கு வழங்குகிறது. காசநோயாளிகளுக்கு ஊட்டச்சத்துக்காக மத்திய அரசு 2018-லிருந்து மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போட்டது. 2024 நவம்பரில் அதை 1,000 ஆக்கியது. வழி தெரிந்த வேலைதான்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. மருந்தோடு ஒரு நாள் கூலியும் மிச்சமாகிறது என்பதே நெசவாளருக்கு அதன் உண்மையான மதிப்பு. வரும்முன் காக்கும் இந்தப் பணி விரிய வேண்டுமானால் பணம் வேண்டும். 2025-க்குள் அரசுகளின் சுகாதாரச் செலவை உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 2.5 சதவீதமாக்குவோம் என்றது 2017-ன் தேசிய சுகாதாரக் கொள்கை. 2021-22-ல் அது 1.84 சதவீதம்தான்.

நெசவாளர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. உறுப்பினர் பட்டியலும் இருக்கிறது. மருத்துவமனையில் சேர்ந்த நாள்களுக்குக் கூலியில் ஒரு பங்கை, துணைக்கு இருந்தவருக்கும் சேர்த்து, அந்த வாரியத்தின் வழியே கொடுக்கலாம். சட்டமன்றத்தில் கைத்தறித் துறையின் மானியக் கோரிக்கை வரும்போது காஞ்சிபுரத்தின் சார்பில் முதலில் எழ வேண்டிய கேள்வி இதுதான்: தொழிற்சாலைத் தொழிலாளிக்கு 1948-லேயே ஒப்புக்கொண்ட உரிமை, பட்டு நெய்யும் கைகளுக்கு எப்போது?