கற்பிக்கச் சென்றவர் கற்ற பாடம்

ஆங்கிலம் கற்பிப்பதற்கென்று கடல்கடந்து சென்ற அமெரிக்கர், சென்ற இடத்தில் முதலில் மாணாக்கராய் அமர நேர்ந்ததென்றால் வியப்பாகத் தோன்றலாம். மொல்டோவா நாட்டுக் கிராமங்களிற் பணிபுரிந்த சமாதானப் படைத் தொண்டரின் வாழ்வு அத்தகையதே. ஜனாதிபதி கென்னடி 1961 இல் நிறுவிய இப்படையினர் நம் இலங்கைக்கு 1962 இல் வந்தனர். மொல்டோவாவுக்குச் சென்றது 1993 இல்.

ருமேனியாவுக்கும் உக்ரேனுக்கும் இடையே, திராட்சைத் தோட்டங்கள் மலிந்த சிறிய நாடு மொல்டோவா. சோவியத் ஆட்சிக் காலத்தில் அங்கே ருமேனிய மொழி, ரஷ்ய மொழிக்குரிய சிரிலிக் எழுத்திலேயே எழுதப்பட்டது. 1989 ஆகஸ்ட் 31 இல் இயற்றப்பட்ட சட்டம் இலத்தீன் எழுத்தை மீட்டுத் தந்தது. அந்நாளை இன்றும் மொழித் திருநாளாகக் கொண்டாடுகின்றனர். ஆதலால், ஒரே வீட்டிற் பாட்டி பள்ளியிற் கற்றது ஓர் எழுத்து. பேரன் கற்பது மற்றோர் எழுத்து. பேசும் மொழி மட்டும் ஒன்றே.

அத்தகைய வீடொன்றிலேதான் தொண்டர் தங்கினார். அவருடைய தொண்டுக் காலம், பயிற்சி உட்பட 27 மாதம். சோளமாவிற் கிண்டிய 'மாமலிகா' என்னும் களியை நூலால் அறுத்து, ஆட்டுப்பாற்கட்டியுடன் பரிமாறுவர். எதிரெதிர்ச் சாளரங்களைத் திறந்து வைத்தாலோ, ஊடறுத்து வீசும் காற்று நோய் தருமென்று பாட்டி பதறுவார்.

உணவு மேசையே அவருக்கு மொழி வகுப்பாயிற்று. ஆங்கிலத்திற் பெயர்ச்சொல்லின் முன்னே நிற்கும் 'த' என்னும் சொல்லின் வேலையை, ருமேனிய மொழியிற் பெயரின் ஈற்றில் ஒட்டும் விகுதி செய்கிறது. 'லூப்' என்றால் ஓநாய். 'லூபுல்' என்றால் அந்த ஓநாய். அவர் விகுதியை மறந்து பேசும்போதெல்லாம் பிள்ளைகள் சிரித்தனர். அதே பிள்ளைகள் மறுநாள் வகுப்பில் ஆங்கிலச் சொற்களில் இடறியபோது, அவர் சிரிக்கவில்லை. தாம் பட்ட இடர்ப்பாட்டை அவர் மறந்திலர்.

செப்டெம்பர் முதல் நாளிற் பாடசாலையின் முதல் மணி ஒலிக்கும். பிள்ளைகள் மலர்க்கொத்தேந்தி வந்து ஆசிரியருக்கு அளிப்பர். அமெரிக்கர் தனித்துக் கற்பிப்பதில்லை. உள்ளூர் ஆங்கில ஆசிரியர் ஒருவருடன் சேர்ந்து பாடத்தைத் திட்டமிட்டு நடத்துவார்.

ஆயினும் மகிழ்ச்சிக்கிடையே ஒரு கவலையும் உண்டு. வேலை தேடி இத்தாலி முதலிய நாடுகளுக்குச் சென்ற பெற்றோர் பலர். பாட்டியின் அரவணைப்பில் வளரும் பிள்ளைகள், அன்னையின் குரலைத் தொலைபேசியிலேயே கேட்கின்றனர். ஆங்கிலம் நன்கு கற்கும் மாணவன் நாளை ஊரைவிட்டுச் செல்லவும் கூடும். அங்ஙனமாயின் ஆசிரியர் திறப்பது அறிவின் கதவையா, ஊர் வெறுமையாகும் வழியையா?

இவ்வினாவுக்கு எளிதில் விடை கூறல் இயலாது. எனினும் ஆசிரியத் தொழில் புரியும் எமக்கு ஒன்று புலனாகிறது. ஆங்கிலத்தை மட்டும் அளித்துச் செல்பவர், அதுவே உயர்ந்ததென்ற எண்ணத்தையும் விட்டுச் செல்லக்கூடும். தம் பாட்டியிடம் ஓர் அந்நியர் தட்டுத் தடுமாறித் தம் மொழியைக் கற்பதைக் கண்ட பிள்ளைகளோ, அம்மொழியும் முயன்று கற்கத்தக்கதென உணர்வர். எங்குச் சென்றாலும் அவ்வுணர்வு அவர்களுடன் செல்லும்.