உட்கார்ந்து ஆடுகிற ஆட்டத்துக்கும் உடம்பு வேண்டும்



தோட்டத்துப் பையன்கள் சுழற்கிண்ணத்துக்குப் பந்து விளையாடப் போனால் தோட்டமே கூடி அனுப்பி வைக்கிறது. இடைவேளைக்கு ஆரஞ்சுப் பழம் நறுக்கி வைக்கிறோம். குளுக்கோஸ் கரைத்து வைக்கிறோம். அதே தோட்டத்துப் பிள்ளைகள் நாலு பேர் கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ சதுரங்க இறுதி ஆட்டத்துக்குப் போனால்? விடியற்காலையில் பஸ் ஏற்றிவிடுகிறோம். பசியாறினார்களா என்றுகூடக் கேட்பதில்லை. "உட்கார்ந்து காய் நகர்த்துறதுக்கு எதுக்கு டிரஸர் ஐயா குளுக்கோஸ்?" என்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நாலு மேசை, ஒரு கிண்ணம்

குழு ஆட்டம் என்றால் ஒரு பக்கத்துக்கு நாலு பேர், நாலு மேசை. வெற்றிக்கு 1 புள்ளி, சமநிலைக்கு அரைப் புள்ளி. மூன்று பேர் நன்றாக ஆடி, நாலாவது பிள்ளை தலைசுற்றலில் ஒரு காயைத் தப்பாக வைத்தால், வர வேண்டிய வெற்றி கைநழுவிப் போகலாம்.

உலக அளவில் இதே மாதிரிதான் சதுரங்க ஒலிம்பியாட் நடக்கிறது. அதில் முதலிடம் பெறும் அணிக்குக் கொடுப்பது ஹாமில்டன்-ரஸ்ஸல் கிண்ணம். 2022-ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டில் அந்தப் போட்டி நம் தமிழ்நாட்டு மாமல்லபுரத்தில் நடந்தது. இந்தியாவின் இரண்டாவது அணியில் சென்னைப் பையன் குகேஷ் முதல் மேசையில் ஆடினார். அப்போது வயது 16. முதல் 8 ஆட்டங்களிலும் வெற்றி! பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தான் அணியோடு மோதல். குகேஷ் ஜெயிக்கிற நிலையில்தான் இருந்தார். மணிக்கணக்காக ஆடி, கடிகாரத்தில் நேரம் குறைந்துபோன கட்டத்தில் ஒரு நகர்த்தல் தப்பாகிவிட்டது. ஆட்டம் போயிற்று. அணிகள் 2–2 என்று சமமாக முடித்தன. முடிவில் தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு. குகேஷின் அணிக்கு வெண்கலம்.

களைப்பால்தான் தவறினார் என்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று நிச்சயம். நீண்ட ஆட்டத்தில் கடைசி ஒரு மணி நேரம்தான் கண்டம். படித்த பாடம் அப்போதும் தலையில் இருக்கும். அதை எடுத்துக் கொடுக்க உடம்பில் தெம்பு இருக்க வேண்டும்.

10 கிலோ இளைத்த வீரர்

சோவியத் யூனியனின் கார்ப்போவ், காஸ்பரோவ் இருவரும் 1984 செப்டம்பரில் மாஸ்கோவில் உலகப் பட்டத்துக்கு ஆட உட்கார்ந்தார்கள். ஐந்து மாதம், 48 ஆட்டம். முடிவே வரவில்லை! ஆட்டக்காரர்கள் களைத்துப் போனார்கள் என்ற காரணத்தைக் காட்டி, 1985 பிப்ரவரியில் போட்டியையே நிறுத்திவிட்டார்கள். கார்ப்போவ் சுமார் 10 கிலோ இளைத்துவிட்டதாக அப்போது பேசப்பட்டது. அதே கார்ப்போவ்தான் 1990-இல் நம் கோலாலம்பூருக்கு வந்து, உலகப் பட்டத்துக்கான தகுதி இறுதி ஆட்டத்தில் ஹாலந்து வீரர் டிம்மனை வென்றார்.

அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளே என்ன நடக்கிறது? நம் மூளையின் எடை உடம்பில் நூற்றுக்கு 2 பங்குதான். சும்மா இருக்கும்போதே உடம்பின் சக்தியில் ஏறக்குறைய 20 பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. ஆட்டம் சூடு பிடித்தால் நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும், வாய் உலரும், உள்ளங்கை வேர்க்கும். கழுத்தும் தோளும் இறுகும். இத்தனையும் மூன்று, நாலு மணி நேரம்!

தாய்மார்கள் கவனிக்க வேண்டியவை

தூக்கம்: 12 வயது வரை உள்ள பிள்ளைக்கு இரவில் 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 8 மணி நேரமாவது வேண்டும். இறுதி ஆட்டத்துக்கு முதல்நாள் ராத்திரி பன்னிரண்டு வரை கைபேசியில் பயிற்சி எடுப்பது பயிற்சியல்ல, திருட்டு. மறுநாள் தெம்பை இன்றே திருடுகிறோம்.

பசியாறுதல்: வெறும் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் போதாது. இட்லி, தோசை, ரொட்டி எதுவானாலும் கூட ஒரு முட்டையோ, கடலையோ, பருப்போ இருக்கட்டும். வயிறு முட்டச் சாப்பிட்டாலும் தூக்கம் வரும். பையில் இரண்டு வாழைப்பழமும் ஒரு போத்தல் தண்ணீரும் வையுங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்லுங்கள். டின்னில் வரும் 'சக்தி பானம்' பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். அது படபடப்பைக் கூட்டும், கை நடுங்கும்.

எழுந்து நடப்பது: காய் நகர்த்திக் கடிகாரத்தை அமுக்கிய பிறகு, எழுந்து மண்டபத்துக்குள் நாலு எட்டு நடக்கலாம். கால் மரத்துப் போகாது, கண்ணுக்கும் ஓய்வு.

ரத்தசோகை: பிள்ளை எப்போதும் சோர்ந்து கிடக்கிறதா? கண்ணிமையின் உள்பக்கம் வெளுத்திருக்கிறதா? 'சோம்பேறி' என்று திட்டாமல் கிளினிக்குக்குக் கூட்டி வாருங்கள். வயிற்றில் பூச்சி இருக்கலாம், ரத்தம் குறைந்திருக்கலாம். மாதவிலக்கு வந்த பெண் பிள்ளைகளை இன்னும் கவனமாகப் பாருங்கள். கீரை, பருப்பு, முட்டை, ஈரல் கொடுங்கள். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்க விடாதீர்கள். அது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதே மாமல்லபுரத்தில் ஹரிகா என்ற வீராங்கனை நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்துகொண்டே ஆடினார். இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வாங்கியது. சென்னையைச் சேர்ந்த வைஷாலியும் அந்த அணியில் இருந்தார்.

பெரியவர்களுக்கும் ஒரு சொல்

நம் சதுரங்கக் குழுக்களில் ஐம்பது, அறுபது வயது அண்ணன்மார்களும் ஆடுகிறார்கள். 2014-இல் நார்வே நாட்டு ஒலிம்பியாட்டின் கடைசிச் சுற்றில், வயதான ஆட்டக்காரர் ஒருவர் ஆடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்து, பிறகு உயிரிழந்தார். இதை மறக்கக் கூடாது.

அடிக்கடி ஒண்ணுக்குப் போக வேண்டியிருக்கும் என்று பிரஷர் மாத்திரையை ஆட்டத்தன்று நிறுத்தாதீர்கள். எந்த நேரத்தில் போடலாம் என்று கிளினிக்கில் முன்னாடியே கேளுங்கள். இனிப்பு நீருக்கு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்பவர்கள், போட்டுவிட்டுச் சாப்பிடாமல் மேசையில் உட்காரவே கூடாது. கை நடுக்கம், குளிர்ந்த வேர்வை, கண் மங்கல் என்றால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். உடனே மூன்று நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை குடியுங்கள். தெளிந்ததும் ஏதாவது சாப்பிடுங்கள். நெஞ்சு வலித்தால் ஆட்டத்தை விடுங்கள், நடுவரிடம் சொல்லுங்கள், 999-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். கிண்ணம் அடுத்த வருஷமும் வரும்.

குழுத் தலைவர்களே, ஐந்தாவது ஆளை வெறும் ஒப்புக்குக் கூட்டிப் போகாதீர்கள். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு ஓய்வு கொடுக்கத்தான் மாற்று ஆட்டக்காரர். 2024 செப்டம்பரில் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் நடந்த ஒலிம்பியாட்டில் 11 சுற்று. குகேஷ் ஆடியது 10. எடுத்த புள்ளி 9. கடைசிச் சுற்றில் இந்திய ஆண்கள் அணி ஸ்லோவேனியாவை 3½–½ என்று வென்றது. பெண்கள் அணி அஸர்பைஜானை அதே கணக்கில் வென்றது. இரண்டு தங்கமும் இந்தியாவுக்கே!

தோற்று வந்த பிள்ளையை என்ன செய்வது?

பஸ்ஸிலேயே ஏசாதீர்கள். முதலில் சோறு போடுங்கள், தூங்க விடுங்கள். எந்த இடத்தில் தப்பு என்று மறுநாள் பேசலாம். மாமல்லபுரத்தில் அந்தத் தோல்விக்குப் பின் குகேஷ் உடைந்துபோய் உட்கார்ந்திருந்தார். மறுநாளே அவர் அணி ஜெர்மனியை 3–1 என்று வென்றது. அதே பையன் 2024 டிசம்பர் 12-ஆம் நாள், பக்கத்துச் சிங்கப்பூரில், 18 வயதில் உலகச் சாம்பியன் பட்டத்தை வென்றார்.

நம் பிள்ளைகளுக்கு மூளை இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. காசு போட்டுப் பலகையும் கடிகாரமும் வாங்கிக் கொடுக்கிற நாம், ஒரு நல்ல தூக்கத்தையும் ஒரு முட்டையையும் சேர்த்துக் கொடுப்போம்!