களைக்கொத்தும் தூரிகையும்

நமது ஆரம்பப் பாடசாலைகளில் சித்திரம் கற்பிக்கப்படும் விதத்தை நேயர்கள் அறிவார்கள். உபாத்தியாயர் கரும்பலகையில் ஒரு பூவை எழுதுகிறார்: ஐந்து இதழ், ஒரு காம்பு, இரண்டு இலை. நாற்பது குழந்தைகளும் அதனைப் பார்த்து நாற்பது பூக்களை எழுதுகிறார்கள். அது எந்தச் செடியின் பூ என்று எவரும் வினவுவதில்லை. வினவினாலும் விடை கிடையாது. ஏனெனில் அது உலகில் எங்கும் பூத்த பூவன்று. ஜன்னலுக்கு வெளியே பூவரச மரமொன்று மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. அதனை ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

அதே பாடசாலையின் பின்புறத்தில் ஒரு சிறு தோட்டம் இருப்பதும் உண்டு. அங்கே குழந்தைகள் குடம் சுமந்து நீர் வார்க்கிறார்கள், களை பறிக்கிறார்கள், மணி அடித்ததும் திரும்பி வந்துவிடுகிறார்கள். விதை எத்தனை நாளில் முளைத்தது, முதலில் வெளிவந்தது வேரா இலையா என்று கேட்டால் விழிக்கிறார்கள். முன்னது கண்ணில்லாத கலை. பின்னது கருத்தில்லாத உழைப்பு. இவ்விரண்டையும் ஒரே பாடமாக இணைத்தாலன்றி இரண்டும் உருப்படமாட்டா என்பது நமது திடமான அபிப்பிராயம்.

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த யோசனையன்று. ஜெர்மனியில் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் 1837-ஆம் ஆண்டில் சிறுவர்க்கென ஒரு கல்வி நிலையத்தைத் தொடங்கிய பிரோபெல் என்பவர், 1840-இல் அதற்குக் ‘கிண்டர்கார்ட்டன்’, அதாவது ‘குழந்தைகளின் தோட்டம்’, என்று பெயரிட்டார். பெயர் வெறும் உவமையன்று. ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தி, எல்லோருக்கும் பொதுவாகச் சில பாத்திகள் என்று அவர் வகுத்தார். அதே குழந்தைகள் கட்டம் கீறிய பலகையில் கோடு சேர்த்துச் சித்திரம் எழுதவும் பழகினர். புள்ளி வைத்துக் கோலமிடும் நம் தாய்மார்க்கு அம்முறை அன்னியமாகத் தோன்றாது. இன்று அப்பெயரைச் சூட்டிக்கொண்டு, ஒரு துளசிச் செடிக்கும் இடமின்றிச் சிமெண்டுத் தரையில் நடைபெறும் பள்ளிகளை நாம் நகரங்களில் காண்கிறோம்!

நமது தேசத்திலும் இக்கருத்துக்கு முன்னோடிகள் உண்டு. 1901-இல் சாந்திநிகேதனத்தில் பாடசாலை கண்ட ரவீந்திரநாத தாகூர், மரத்தடியையே வகுப்பறையாக்கினார். 1919-இல் அங்கே கலாபவனம் எழுந்தது; நந்தலால் போஸ் அதனை வளர்த்தார். 1928 முதல் மரம் நடுதலே ஒரு திருவிழாவாயிற்று. மண்ணும் கலையும் ஒரே முற்றத்தில் வாழக்கூடும் என்பதற்கு இது பிரத்தியட்சப் பிரமாணம்.

அடுத்து வந்தது வார்தாத் திட்டம். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் மகாத்மா காந்தியின் தலைமையில் வார்தாவில் கூடிய மகாநாட்டின் பயனாக, டாக்டர் ஜாகீர் ஹுசேன் தலைமையில் ஒரு கமிட்டி அமைந்தது. கைத்தொழிலின் மூலமே கல்வி என்பது அதன் சாரம். காய்கறி, பழத்தோட்ட வேலையும் அத்தொழில்களில் ஒன்று. அக்கமிட்டி வகுத்த கால அட்டவணையை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நாளொன்றுக்கு ஐந்தரை மணி நேரப் பள்ளியில் கைத்தொழிலுக்கு 3 மணி 20 நிமிஷம். சங்கீதம், சித்திரம், கணிதம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 40 நிமிஷம்! அத்திட்டத்தின் உயர்ந்த நோக்கத்துக்கு நாம் தலைவணங்குகிறோம். எனினும் களைக்கொத்துக்கு இத்தனை நேரமும் எழுதுகோலுக்கு இத்தனை சொற்ப நேரமும் அளித்தது ஒரு குறையே என்று சொல்லாமலிருக்க இயலவில்லை. 1944-இல் சேவாகிராமம் சென்று அங்குள்ள குழந்தைகளுக்குச் சித்திரம் கற்பித்த தேவி பிரசாத், கலையே கல்வியின் அஸ்திவாரம் என்று பின்னாளில் ஒரு நூலே எழுதினார் என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது.

இக்குறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சென்னை ராஜ்யம் அனுபவித்தே அறிந்தது. 1953-இல் முதன்மந்திரி ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார், கிராம ஆரம்பப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் குழந்தைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றொரு திட்டம் கொணர்ந்தார். ‘குலக்கல்வி’ என்று பெயரிட்டு ஜனங்கள் அதனை எதிர்த்தனர். 1954-இல் ஸ்ரீ காமராஜர் பதவியேற்றபின் அது கைவிடப்பட்டது. அன்று எழுந்த அச்சம் இன்றும் மறையவில்லை, மறையவும் வேண்டியதில்லை. ‘எங்கள் பாட்டன் மண் வெட்டினான், எங்கள் அப்பன் மண் வெட்டினான், என் பிள்ளையும் பள்ளிக்கூடம் போய் மண் வெட்டவேண்டுமா?’ என்று ஒரு தகப்பன் கேட்டால், அக்கேள்விக்கு நேர்மையான விடை சொல்லாத எவருக்கும் பாடசாலைத் தோட்டத்தைப் பற்றிப் பேச யோக்கியதை இல்லை.

நமது விடை இது. கூலி வேலைக்கும் கல்விக்கும் வித்தியாசம் மண்வெட்டியில் இல்லை. வெட்டியபின் நடப்பதில் இருக்கிறது. தான் விதைத்ததைத் தானே உற்றுப் பார்த்து, பார்த்ததைத் தன் கையால் எழுதி, எழுதியதைப் பிறர்க்கு விளக்கும் குழந்தை மாணாக்கன். நீர் வார்த்துவிட்டுப் போகும் குழந்தை வெறும் பணியாள். நியாயஸ்தலங்களில் கேள்விச் சாட்சியத்துக்கு மதிப்பில்லை. கண்டவனே வந்து சொல்லவேண்டும். புத்தகத்திலிருந்து ஒப்பிக்கும் தாவர சாஸ்திரம் கேள்விச் சாட்சியம். குழந்தை எழுதும் சித்திரமோ கண்கண்ட சாட்சியம்.

ஆகவே ஒரு விதி இன்றியமையாதது: தோண்டியவனே எழுதவேண்டும், எழுதுகிறவனே தோண்டவேண்டும். ஒரு தெருவுப் பிள்ளைகள் குடம் சுமக்க, மற்றொரு தெருவுப் பிள்ளைகள் தூரிகை பிடிக்கும் பாடசாலை, தேசத்தின் பழைய நோயைப் பாத்தி கட்டி வளர்க்கும் பாடசாலையேயாகும். முறை வைத்து, பெயர் எழுதிச் சுவரில் ஒட்டி, ஆண் பெண் பேதமின்றி, ஜாதி பேதமின்றி, எல்லாக் குழந்தைகளும் எல்லா வேலையும் செய்யவேண்டும். இவ்விதி தவறும் இடத்தில் தோட்டத்தை மூடிவிடுவதே மேல்.

இனி நடைமுறை. காராமணியையும் சோளத்தையும் அருகருகே ஊன்றச் செய்து, தினந்தோறும் ஒரு சித்திரம் எழுதச் சொல்லுக. காராமணி இரண்டு பருப்புகளையும் தலைமேல் தூக்கிக்கொண்டு எழுவதையும், சோளம் ஒற்றை இலையை ஊசிபோல் நீட்டுவதையும் குழந்தை தானே காணும். வெண்டைப் பூ, செம்பருத்திப் பூ, பூவரசம் பூ மூன்றையும் எதிரே வைத்து எழுதச் சொல்லுக. மூன்றுக்கும் ஐந்து இதழ்; மூன்றிலும் மகரந்தக் கேசரங்கள் நடுவே ஒரு குழலாகச் சேர்ந்து நிற்கும். இவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை நூல் சொல்வதற்கு முன் கண் சொல்லிவிடும். காலையில் மஞ்சளாக இருந்த பூவரசம் பூ மாலையில் செந்நிறமாக மாறும் அதிசயத்துக்கு இரண்டு சித்திரங்கள் தேவைப்படும்.

வர்ணத்துக்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். மஞ்சளுடன் சிறிது சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பு என்பதை ஆரத்தி கரைக்கும் எந்தப் பாட்டியும் அறிவாள். சுண்ணாம்பை மட்டும் உபாத்தியாயர் தம் கையால் சேர்க்கவேண்டும். சங்குப் பூவைக் கசக்கினால் நீலம். எலுமிச்சைச் சாறு ஒரு துளி விழுந்தால் அது ஊதாவாகும். இலையில் பச்சை, செம்மண்ணில் காவி, அடுப்பில் கரி. ஊமத்தை இலையும் கரியும் அரைத்துப் பள்ளிக்கூடப் பலகைக்கு மெருகேற்றிய தலைமுறை நம்முடையது. இதில் நாணத்துக்கு இடமில்லை. இப்படி வர்ணம் செய்யும் குழந்தை, ரசாயன சாஸ்திரத்தின் முதற் பாடத்தையும் உடன் கற்றுவிடுகிறது. நிலமில்லாத பள்ளிக்கு உடைந்த பானைகளும் தகர டப்பாக்களும் போதும். பகலுணவுக்குப் பின் குழந்தைகள் கை கழுவும் நீரே பாத்திக்குப் பாயும்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், தன் 29-ஆம் பிரிவில், செய்தும் தேடியும் கண்டறிந்தும் குழந்தைகள் கற்கவேண்டும் என்று அழகாகக் கூறுகிறது. ஆனால் அதன் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு குழந்தைகளுக்கு மேற்பட்டால் மட்டுமே பகுதிநேரக் கலை ஆசிரியர் வேண்டும் என்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை அந்த ஏற்பாடும் இல்லை. கண்ணும் கையும் பழகவேண்டிய வயதில் கலையில்லை. பழகும் வயது கடந்தபின் பகுதிநேரக் கலை! 2019-இல் மத்திய சர்க்கார் பள்ளிக் காய்கறித் தோட்டங்களுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டதை நாம் வரவேற்கிறோம். ஆயினும் தோட்டம் சட்டியை நிரப்பினால் மட்டும் போதாது, சித்தத்தையும் நிரப்பவேண்டும். அருகருகே உள்ள சில ஆரம்பப் பள்ளிகளுக்குச் சேர்த்தேனும் ஒரு சித்திர ஆசிரியரை நியமிப்பது சர்க்காரின் கடமை.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தேசத்தொண்டில் ஈடுபட்ட நண்பர்கள் தங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஒருமுறை சென்று, உபாத்தியாயரின் அனுமதி பெற்று, ஒரு படி விதையும் ஒரு கட்டுக் காகிதமும் கொடுத்து வருவார்களாக. ஒரு மாதம் கழித்து மீண்டும் சென்று, சுவரிலே தொங்கும் சித்திரங்களைப் பார்ப்பார்களாக. அவற்றில் இரண்டு பூக்கள் ஒன்றுபோல் இல்லாதிருந்தால், அங்கே கல்வி முளைத்துவிட்டது என்று அறியலாம்.