கினிப்பன்றி வாங்கலாமா? ஒரு விடுமுறை சொல்லித் தந்த பாடம்

"அக்கா, இந்தத் தடவை பரீட்சையில நல்லா செஞ்சா எனக்கு ஒரு கினிப்பன்றி வாங்கித் தருவியா?"

இரண்டாம் படிவத்தில் படிக்கும் என் தங்கை தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது நான் கம்பாரில் விடுதி அறையில் இருந்தேன். அம்மாவும் அப்பாவும், "அக்காவைக் கேள், அவள்தானே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்" என்று நழுவிவிட்டார்கள். நான் படிப்பதோ கணக்கியல்!

சுங்கை சிப்புட் பக்கம் முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில் கட்டிய மலிவு விலை வீடு எங்களுடையது. எங்களோடு இருக்கும் பாட்டி, விஷயத்தைக் கேட்டதும் அதிர்ந்து போனார். "பன்னியா? வீட்டுக்குள்ளேயா?"

உண்மையில் அது பன்றியே இல்லை. எலி, அணில்போலக் கொறித்துண்ணும் பிராணி. கினி நாட்டிலிருந்தும் வரவில்லை. மலாய் மொழியில் 'திக்குஸ் பெலாண்டா', அதாவது டச்சுக்கார எலி என்கிறோம். டச்சுக்காரர்களின் நாடும் அதன் பூர்வீகம் அல்ல. தென் அமெரிக்காவின் அண்டிஸ் மலைப்பகுதிதான் அதன் தாயகம். அங்குள்ள மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இறைச்சிக்காக அதை வளர்த்தார்கள். பெருவில் இன்றும் அது உணவுதான். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் வழியாக ஐரோப்பா சென்று செல்லப்பிராணி ஆனது.

உடனே 'சரி' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் வகுப்புத் தோழி ஒருத்தி இரண்டு பெண் கினிப்பன்றிகள் வளர்க்கிறாள். செமஸ்டர் விடுமுறையில் அவள் ஊருக்குப் போகும் இரண்டு வாரங்களுக்கு அவற்றை நான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, கூண்டோடு வீட்டுக்குக் கொண்டு வந்தேன். வாங்குவதற்கு முன் ஓர் ஒத்திகை!

முதல் பாடம் சாப்பாடு. அதன் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். உலர்ந்த புல்லை நாள் முழுக்க மென்றால்தான் பல் தேயும், குடலும் சீராக இயங்கும். கடையில் விற்கும் திமோத்தி புல் குளிர்நாட்டிலிருந்து வருவது, விலையும் அதிகம். "வெளியில இவ்வளவு புல்லு கிடக்கே" என்றார் பாட்டி. ஆனால், செம்பனைத் தோட்டத்து ஓரங்களிலும் சாலையோரங்களிலும் களைக்கொல்லி தெளித்திருக்கலாம். எங்கே மருந்து அடித்தார்கள் என்று தெரியாமல் புல் அறுப்பது ஆபத்து.

இன்னொன்று, நம்மைப் போலவே கினிப்பன்றியின் உடலும் வைட்டமின் சி-யைத் தானாகத் தயாரிக்காது. 1907இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இரு ஆய்வாளர்கள், தானியம் மட்டும் தின்ற கினிப்பன்றிகளுக்கு ஸ்கர்வி நோய் வருவதைக் கண்டார்கள். மனிதர்களின் ஸ்கர்வி நோயைப் புரிந்துகொள்ள அது பெரிதும் உதவியது. தினமும் கொஞ்சம் குடைமிளகாய் கொடுத்தால் இந்தக் குறை வராது. நம் பீடோர் கொய்யாவிலும் வைட்டமின் சி ஏராளம். ஆனால், இனிப்பு இருப்பதால் சிறு துண்டு போதும்.

இரண்டாம் பாடம் வெயில். அதை நாங்கள் பயந்து பயந்துதான் கற்றுக்கொண்டோம். கூண்டைப் பின்பக்கம், துத்தநாகக் கூரை போட்ட சமையலறையில் வைத்திருந்தோம். நான்காம் நாள் பிற்பகல் மூன்று மணி இருக்கும். பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் கூண்டருகே ஓடிய தங்கை அலறினாள். ஒரு கினிப்பன்றி கால்களை நீட்டிப் படுத்து, வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வாயோரம் எச்சில்.

ஏறத்தாழ 18 முதல் 24 பாகை செல்சியஸ் வரைதான் அதற்கு உகந்த வெப்பநிலை. நம்மைப் போல வியர்த்து உடல் சூட்டைத் தணிக்க அதனால் முடியாது. ஈப்போ வட்டாரத்தில் பிற்பகலில் 32, 33 பாகை சர்வ சாதாரணம். தகரக் கூரைக்கு அடியில் கேட்கவே வேண்டாம்.

கூண்டை முன் அறையின் குளிர்ந்த சிமெண்டுத் தரைக்கு மாற்றினோம். காதிலும் பாதத்திலும் ஈரத்துணியால் ஒற்றினோம். முதலில் அழைத்த மருத்துவமனையில், நாய், பூனை மட்டும்தான் பார்ப்போம் என்றார்கள். இரண்டாவது இடத்தில், உடனே கொண்டு வரச் சொன்னார்கள். பிழைத்துக்கொண்டது. கட்டணம் அம்மாவின் ஒரு நாள் சம்பளத்தைவிட அதிகம். பென்சிலின் வகை மருந்துகள் இந்தப் பிராணியைக் கொன்றுவிடக்கூடும், அதனால் வீட்டில் இருக்கும் மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள் என்று அங்கிருந்த மருத்துவர் எச்சரித்தார்.

அன்றிரவு தங்கை கூண்டருகிலேயே படுத்துக்கொண்டாள். பாட்டியும் தூங்கவில்லை. தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்தில் அவரிடம் இரண்டு மாடுகள் இருந்தனவாம். தோட்டத்தை விற்று, லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது, தாமான் வீட்டில் கட்ட இடமில்லாமல் இரண்டையும் விற்றுவிட்டார். "லோரியில ஏத்துறப்ப அது என்னைத்தான் பார்த்துச்சு. வாயில்லா ஜீவன். வெச்சுக் காப்பாத்த முடியாதுன்னா வாங்கவே கூடாது, கண்ணு" என்றார். இத்தனை வருடங்களில் இதைப் பாட்டி சொல்லி நான் கேட்டதே இல்லை.

மூன்றாவது பாடத்தையும் பாட்டியே சொன்னார்: "ஒத்தையா இருந்தா மாடுகூட சரியா மேயாது." கினிப்பன்றியும் கூட்டமாக வாழும் பிராணி. சுவிட்சர்லாந்தில் 2008ஆம் ஆண்டு முதல் அதைத் தனியாக வளர்க்கச் சட்டமே இடம் தருவதில்லை. ஆகவே, 'ஒன்று வாங்கித் தா' என்ற பேச்சுக்கே இடமில்லை, இரண்டு வேண்டும். அதுவும் ஆணும் பெண்ணுமாக வாங்கினால், சினைக்காலம் 59 முதல் 72 நாள்தான். விரைவில் கூண்டு நிரம்பிவிடும். ஒரு ஜோடிக்கு ஏழரை சதுர அடியாவது இடம் வேண்டும் என்கிறார்கள். ஆயுளோ 5 முதல் 8 ஆண்டுகள். கணக்குப் போட்டேன். இன்று வாங்கினால் தங்கை எஸ்.பி.எம். எழுதி, மேற்படிப்புக்கு வெளியூர் போன பிறகும் அவை வீட்டில் இருக்கும். அப்போது யார் பார்த்துக்கொள்வது? நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்குகள் நலச் சட்டமும், வளர்ப்பவர் பிராணியின் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்றே சொல்கிறது.

இதையெல்லாம் தங்கையிடம் சொல்லி, முடிவை அவளிடமே விட்டேன். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. தோழியிடம் திருப்பிக் கொடுக்கும் நாளில், தினமும் எவ்வளவு தின்றன, எப்போது சூடு கூடியது என்றெல்லாம் எழுதி வைத்த நோட்டுப் புத்தகத்தையும் கூண்டோடு சேர்த்து வைத்தாள். "இப்ப வேணாம்க்கா. நம்ம வீடு ரொம்ப சூடு. ஆனா, அடுத்த லீவுக்கும் இதுங்களைக் கொண்டு வருவியா?" என்றாள்.

நண்பர்களே, கினிப்பன்றி கூடாத பிராணி அல்ல. சாதுவானது, பழகிவிட்டால் நம் காலடிச் சத்தம் கேட்டாலே விசிலடித்து வரவேற்கும். குளிர்ச்சியான அறை, இரண்டுக்கான இடம், தினமும் புல், அருகில் அதைப் பார்க்கத் தெரிந்த மருத்துவர், நீங்கள் இல்லாதபோது கவனிக்க ஓர் ஆள் ஆகிய ஐந்தும் இருந்தால் தாராளமாக வளர்க்கலாம். ஒன்று குறைந்தாலும் கொஞ்சம் பொறுங்கள். பரீட்சைக்குப் பரிசாக வேறு எதையாவது கேளுங்கள்.

எங்கள் வீட்டில் முன் அறைக்கு ஒரு காற்றாடி வாங்கியாகிவிட்டது. அடுத்த விடுமுறைக்காக.