மன்னிப்பில் சேராத குற்றம்

1976 மார்ச் 24 அன்று அர்ஜென்டினாவில் முப்படைத் தளபதிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். 1983 வரை நீடித்த அந்த ஆட்சியில் தொழிற்சங்கத்தினர், மாணவர்கள், பத்திரிகையாளர்கள், ஆயுதக் குழுவினர் எனப் பலர் வீடு புகுந்து தூக்கிச் செல்லப்பட்டனர். அதன்பின் வழக்கும் இல்லை, சடலமும் இல்லை. காவல் நிலையத்தில் விசாரித்தால், அப்படி யாரையும் பிடிக்கவில்லை என்ற பதில்தான். பூனஸ் அயர்ஸிலிருந்த கடற்படை இயந்திரவியல் பள்ளி முதலான நூற்றுக்கணக்கான இரகசியக் கூடங்களில் அவர்கள் சித்திரவதை செய்யப்பட்டார்கள். பலர் மயக்க ஊசி போடப்பட்டு, விமானத்திலிருந்து உயிரோடு தள்ளப்பட்டார்கள். கர்ப்பிணிகளைப் பிரசவம் வரை உயிரோடு வைத்திருந்து, பிறந்த குழந்தையைப் படையினருக்கோ அவர்களுக்கு வேண்டியவர்களுக்கோ கொடுத்துவிட்டு, தாயைக் கொன்றார்கள். இவ்வாறு களவாடப்பட்ட குழந்தைகள் சுமார் 500 பேர் என்பது அவர்களைத் தேடிய பாட்டிமாரின் மதிப்பீடு.

1977 ஏப்ரல் 30 அன்று, அதிபர் மாளிகைக்கு எதிரே உள்ள மே சதுக்கத்தில் 14 தாய்மார் கூடினார்கள். கூட்டமாக நிற்கத் தடை இருந்ததால் போலீஸ் நகரச் சொன்னது. அவர்கள் இருவர் இருவராகச் சதுக்கத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். குழந்தைக்குக் கட்டும் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டது அவர்களின் அடையாளமாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில், முன்னின்று நடத்திய அசுசேனா விஜாஃப்ளோர் உட்பட மூன்று தாய்மார் காணாமல் ஆக்கப்பட்டார்கள். மற்றவர்கள் நடையை நிறுத்தவில்லை. பேரக் குழந்தைகளைத் தேடியவர்கள் தனியே ‘மே சதுக்கத்துப் பாட்டிமார்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள்.

1983 இறுதியில் மக்களாட்சி திரும்பியது. புதிய அதிபர் ராவுல் அல்ஃபோன்சின், எழுத்தாளர் எர்னெஸ்தோ சாபாத்தோ தலைமையில் அமைத்த ஆணையம் ஏறக்குறைய 9,000 பேர் காணாமல் போனதைப் பதிவு செய்தது. மனித உரிமை அமைப்புகள் சொல்லும் எண்ணிக்கை 30,000. 1985-இல் ஒன்பது தளபதிகள் குடிமை நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, எண்ணூறுக்கும் மேற்பட்ட சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள். அவர்களில் விடேலா, மாசெரா இருவருக்கும் ஆயுள் தண்டனை, மூவருக்குக் குறைந்த தண்டனை, நால்வருக்கு விடுதலை. சர்வாதிகாரிகளை அவர்களுடைய நாட்டு நீதிமன்றமே சட்டப்படி விசாரித்தது அன்றைய உலகில் அரிதினும் அரிது.

படைமுகாம்களில் முணுமுணுப்பு எழுந்தது. 1986 டிசம்பரில், புதிய வழக்குகளுக்கு 60 நாள் கெடு வைத்து ஒரு சட்டம் வந்தது. 1987 ஈஸ்டர் வாரத்தில் இராணுவத்தின் ஒரு பகுதி கலகம் செய்ய, அடுத்த சில வாரங்களில் இன்னொரு சட்டம்: கீழ்நிலை அதிகாரிகள் மேலிடத்து ஆணைக்குக் கீழ்ப்படிந்தவர்கள், எனவே குற்றவாளிகள் அல்லர். அடுத்து வந்த அதிபர் கார்லோஸ் மேனம் 1989-90-இல் தளபதிகளையே மன்னித்து வெளியே விட்டார். மீண்டும் ஆட்சிக் கவிழ்ப்பு வந்துவிடுமோ என்ற அச்சம் பொய்யல்ல. ஆனால் அந்த அமைதிக்கான விலையைக் கொடுத்தவர்கள் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களே. தென்னாப்பிரிக்காவில் 1996-இல் தொடங்கிய உண்மை ஆணைய விசாரணைகளில், செய்ததை முழுவதுமாகச் சொன்னவருக்கே பொது மன்னிப்பு. அர்ஜென்டினாவிலோ புதைத்த இடத்தைக்கூடச் சொல்லாமலே மன்னிப்புக் கிடைத்தது.

1987-ஆம் ஆண்டுச் சட்டம் சில குற்றங்களை மன்னிக்கவில்லை. அவற்றில் ஒன்று, குழந்தையைக் கடத்தி அதன் அடையாளத்தை மாற்றியது. பின்னால் எல்லாக் கதவுகளையும் திறந்தது இந்த விலக்குத்தான்.

ஆனால் அந்தக் குற்றத்தை நிரூபிக்க ஆதாரம் வேண்டும். பெற்றோர் உயிரோடு இல்லை. பாட்டியின் இரத்தத்தை மட்டும் வைத்துப் பேரனை உறுதி செய்ய முடியுமா? இந்தக் கேள்வியோடு பாட்டிமார் வெளிநாட்டு ஆய்வகங்களை நாடிச் சென்றார்கள். அமெரிக்க மரபியலாளர் மேரி-கிளேர் கிங் முதலானோர் அதற்கான கணக்கீட்டு முறையை உருவாக்கினார்கள். உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள மரபணு தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருவது. தாய்வழிப் பாட்டிக்கும் பேரனுக்கும் அது ஒன்றாகவே இருக்கும். 1987-இல் தேசிய மரபணு வங்கி சட்டப்படி நிறுவப்பட்டது. தேடும் குடும்பங்களின் மாதிரிகள் அங்கே சேர்க்கப்பட்டன, பாட்டி இறந்த பிறகும் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக.

குழந்தைக் கடத்தல் வழக்கில்தான் 1998-இல் விடேலா மீண்டும் கைதானார். 2001-இல் ஒரு நீதிபதி வெளிப்படையான ஒரு முரணைச் சுட்டிக்காட்டினார்: குழந்தையைக் களவாடியதற்கு ஓர் அதிகாரியைத் தண்டிக்கலாம், அதே குழந்தையின் பெற்றோரை ஒழித்ததற்குத் தண்டிக்க முடியாது என்றால் அது என்ன நீதி? மன்னிப்புச் சட்டங்கள் செல்லாது என்றார் அவர். 2003-இல் நாடாளுமன்றம் அவற்றை இரத்து செய்தது. 2005-இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கிலேயே அதை உறுதிப்படுத்தியது. அதன்பின் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டுள்ளனர். குழந்தைகளைத் திட்டமிட்டுக் களவாடியதற்காக 2012-இல் விடேலாவுக்கு 50 ஆண்டுச் சிறை. மறு ஆண்டு சிறையிலேயே இறந்தார்.

எலும்புகளும் சாட்சியாயின. அமெரிக்கத் தடயவியல் மானுடவியலாளர் கிளைட் ஸ்னோவிடம் 1984 முதல் பயிற்சி பெற்ற அர்ஜென்டின மாணவர்கள், பெயரில்லாப் புதைகுழிகளைத் தோண்டி அடையாளம் காணும் குழுவாக வளர்ந்தார்கள். கடற்கரையில் ஒதுங்கியதால் ஜெனரல் லவாஜே என்ற ஊரின் இடுகாட்டில் பெயரின்றிப் புதைக்கப்பட்ட உடல்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். உயரத்திலிருந்து விழுந்தால் ஏற்படும் முறிவுகள் எலும்புகளில் இருந்தன. மரபணுச் சோதனை 2005-இல் பெயர்களைச் சொன்னது: அசுசேனாவும் அதே டிசம்பரில் கடத்தப்பட்ட மற்ற இரு தாய்மாரும்.

கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு உண்மை எளிதாக இருக்கவில்லை. அப்பா என்று அழைத்தவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பதைத் தாங்க முடியாமல் சிலர் இரத்தம் தர மறுத்தார்கள். பல் துலக்கும் பிரஷ், உடுத்திய துணி போன்றவற்றிலிருந்து நீதிமன்ற ஆணைப்படி மாதிரி எடுக்க 2009-இல் சட்டம் வழிசெய்தது. தன் அடையாளத்தை அறியாமல் இருக்க ஒருவருக்கு உரிமை உண்டா என்ற விவாதம் அங்கே நெடுநாள் நடந்தது. இறுதியில், இது அவர் ஒருவரைச் சார்ந்தது மட்டுமல்ல, தேடும் குடும்பத்தையும் சார்ந்தது என்ற வாதமே வென்றது. அதுவே நியாயமாகவும் படுகிறது.

2025 வரை சுமார் 140 பேர் அடையாளம் காணப்பட்டுள்ளனர். எஞ்சியவர்களுக்கு இப்போது வயது ஐம்பதை நெருங்குகிறது. பாட்டிமார் பலர் காலமாகிவிட்டனர். கண்டெடுக்கப்பட்ட பேரப்பிள்ளைகளே இன்று அமைப்பின் பொறுப்புகளை ஏற்று, மற்றவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.